வண்டியில் பெட்ரோல் தீர்ந்தது உங்களால் இல்லை

என்னங்க, உங்களைத்தான்.

பதினாலு வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன், நீங்க போய்ச் சேர்ந்த பிறகு புதுசா ஒண்ணு கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. எங்க இருந்தாலும் கையில இருக்கிற பேப்பரைக் கீழ வெச்சுட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு, காது கொடுத்துக் கேளுங்க. எனக்கு உங்க மேல கோபம்னா கோபம், அப்படி ஒரு கோபம். ஏழு மாசமா அழுத அழுகையெல்லாம் போன ஞாயித்துக்கிழமையோட நின்னு போச்சு. இப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதிட்டிருக்கேன்.

ஒம்பது வருஷம் என்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. ஒரே ஒரு பொய்தான். ஆனா அதை ஒம்பது வருஷம் விடாம காப்பாத்தியிருக்கீங்களே, அதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்! நானும் அதை நம்பி, ஊர் பார்க்க உங்களை நாறடிச்சிருக்கேன். ஊர் பார்க்கப் பேசினதை ஊர் பார்க்கத்தான் திருத்தணும். அதனாலதான் இந்தக் கடிதத்தை நம்ம தமிழ்ச் சங்க மலர்ல போடச் சொல்லி ஜான் அண்ணன்கிட்ட கொடுக்கிறேன். சிரிச்ச அத்தனை பேரும் படிக்கட்டும்.

அறுபத்தாறாம் வருஷப் பொங்கல் உங்களுக்கு மறந்திருக்காது. ஜெர்மனியில, இந்த ஆஹென்ல நாம வந்து இறங்கி மூணு வருஷம் ஆகியிருந்தது. கொலோன்ல ஜான் அண்ணன் ஒரு சர்ச் ஹாலை வாடகைக்குப் பிடிச்சிருந்தார். நாற்பது பேருக்குச் சாப்பாடு, சாம்பார் என் பொறுப்பு. அதே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தூத்துக்குடியில இருந்து எனக்கு டிரங்கால் வர்றதா இருந்தது.

அம்மாவுக்கு வயித்துல புற்று. இனி நாள் கணக்குதான்னு டாக்டர் சொல்லிட்டார்னு என் தம்பி எழுதியிருந்தான். ஊருக்குப் போய்ப் பார்க்க டிக்கெட்டுக்கு வழியில்லை, உங்க ஆராய்ச்சி ஸ்டைபண்ட் நமக்குச் சோத்துக்கே சரியா இருந்தது. குரலையாவது கேட்டுக்கோக்கான்னு சொல்லி அவன் முன்கூட்டியே புக் பண்ணி, நம்ம வீட்டுக்காரம்மா கெர்ட்ரூட் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தான். அங்க ராத்திரி எட்டரை. அம்மாவை நாற்காலியோட தூக்கிட்டு எதுத்தாப்ல டாக்டர் வீட்டு போனுக்குக் கொண்டு போகணும். எல்லாம் ஏற்பாடு ஆகியிருந்தது.

"இந்தத் தடவை கொலோனுக்குப் போக வேண்டாம் கோமதி, வீட்டுலயே இருப்போம்"னு நீங்க சொன்னீங்க. ஆமா, நீங்கதான் சொன்னீங்க. நான்தான் கேக்கலை. "நாப்பது பேர் இலையைப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க, வாக்குக் கொடுத்தாச்சு, மதியம் ரெண்டு மணிக்குக் கிளம்பினா மூணரைக்கு வீடு"ன்னு நான்தான் அடம் பிடிச்சேன். இதை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. கதை சொல்றப்போ இந்த இடத்தை மட்டும் நைசா விட்டுடுவேன்.

மலர் படிக்கிறவங்களுக்கு நம்ம வண்டியைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். இந்த ஊர்க்காரங்க வண்டுன்னு கூப்பிடற உருண்டைக் கார், பழைய மாடல். அதுல பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு காட்ட முள் கிடையாது. அதுக்குப் பதிலா, முன்னாடி ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, கால் வைக்கிற இடத்துக்கு மேலே, சின்னதா ஒரு திருகு இருக்கும். பெட்ரோல் தீர்ற நேரத்துல வண்டி இருமும். உடனே அந்தத் திருகைக் கால் நுனியால ஒரு தட்டுத் தட்டினா, அடியில ஒதுக்கி வெச்சிருக்கிற கடைசி அஞ்சு லிட்டர் வரும். அதுக்குள்ள பங்க்கைத் தேடிப் பிடிச்சு, டேங்க்கை நிரப்பி, திருகைப் பழையபடி திருப்பி வெச்சுடணும். திருப்பாம விட்டா அடுத்த தடவை வண்டி இருமாது, ஒரேயடியா நின்னுடும்.

அப்படித்தான் நின்னுச்சு. திரும்பி வர்ற வழியில, எஷ்வைலர் தாண்டறதுக்கு முன்னாடி, நெடுஞ்சாலையில, சுத்தி வெள்ளை வெளேர்னு பனி. மூணு மணி ஆகிப் பத்து நிமிஷம். நீங்க கால் நுனியால திருகைத் தேடினீங்க. அது ஏற்கெனவே திரும்பி இருந்தது. குனிஞ்சு பார்த்தீங்க. அப்புறம் என் ரெண்டு காலுக்கும் நடுவுல இருந்த காலி சாம்பார் வாளியைப் பார்த்தீங்க. அப்புறம் என்னைப் பார்த்தீங்க. அந்தப் பார்வை எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. திருட்டு முழின்னு அப்போ நெனச்சேன்.

"போன வாரம் ரிசர்வ்ல ஓட்டினேன். திருப்பி வைக்க மறந்துட்டேன், கோமதி. என் தப்புதான்."

இதான் நீங்க சொன்னது. சொல்லிட்டுக் கோட்டை மாட்டிக்கிட்டு ஓடினீங்க. பெட்ரோல் பங்க் எவ்வளவு தூரம்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பட்டுப்புடவையோட வண்டிக்குள்ள உக்காந்து வாட்சைப் பார்த்துட்டே இருந்தேன். மூணே முக்கால். நாலு. நாலு அஞ்சு. இப்போ அம்மாவை நாற்காலியில இறக்கி வெச்சிருப்பாங்க, இப்போ ரிசீவரைக் கையில கொடுத்திருப்பாங்கன்னு ஒவ்வொண்ணா நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க கேனோட திரும்பி வந்தப்போ பேண்ட் முழங்கால் வரைக்கும் விறைச்சுப் போய் நின்னுச்சு. நான் உங்க முகத்தைக்கூடப் பார்க்கலை.

வீட்டுக்குப் போனப்போ அஞ்சரை. கெர்ட்ரூட் அம்மா வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க. "போன் வந்தது. ஒரு அம்மா பேசினாங்க. நீ இல்லைன்னு சொல்ல எனக்கு உங்க பாஷை தெரியலை. அவங்க பேசிக்கிட்டே இருந்தாங்க, நடுவுல அழுதாங்க. வெச்சுட்டா பாவமேன்னு நான் 'ம்... ம்...'னு கேட்டுக்கிட்டே இருந்தேன். நேரம் முடிஞ்சு லைன் தானா கட் ஆயிடுச்சு"ன்னாங்க. சொல்லிட்டு அவங்களும் அழுதாங்க.

பதினோரு நாள் கழிச்சு அம்மா போயிட்டா. தம்பி எழுதினான்: "அக்கா, நீ அழுதுக்கிட்டே 'ம்... ம்...'னு மட்டும் சொன்னியாம். பிள்ளை பேசலைன்னாலும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான்னு அம்மா ரொம்ப நிம்மதியா இருந்தா." நான் அவனுக்கு உண்மையை எழுதலை. என்ன எழுதறது? எங்க அம்மா கடைசியா எனக்குச் சொன்னது என்னன்னு இந்த உலகத்துல யாருக்கும் தெரியாது. அம்மா அந்த ரிசீவரைத் தம்பி காதுகிட்டக்கூடக் காட்டலையாம், வெளியில போடான்னு அனுப்பிட்டாளாம். பொம்பளைப் பிள்ளைகிட்ட தனியா ஏதோ சொல்லணும்னு இருந்திருக்கு.

அன்னைக்கு ஆரம்பிச்சேன் உங்களைத் திட்ட.

நிறுத்தவே இல்லையே! கொலோன்ல, டுசல்டார்ஃப்ல, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், யாராவது நம்ம வண்டியில ஏறக் காலை வெச்சா போதும், "இவுகளை நம்பி ஏறாதீங்க, நடுவழியில இறக்கி விட்ருவாக"ம்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. நீங்களும் சிரிப்பீங்க. போகப் போக அது ஒரு பேராவே ஆயிடுச்சு, ரிசர்வ் சங்கரன்னு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அரபு நாட்டு எண்ணெய்த் தகராறுல, ஞாயித்துக்கிழமை யாருமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு இங்க சட்டம் போட்டாங்களே, அப்போகூட ஆளுங்க நடந்து போற நெடுஞ்சாலையைக் காட்டி, "பார்த்தியா கோமதி, இப்போ ஊருக்கே பெட்ரோல் இல்லை, என்னை மட்டும் திட்ட முடியாது"ன்னு சிரிச்சீங்க. நான் சிரிக்கலை. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

அது எல்லாம்கூடப் போகட்டும். அம்மா போன ரெண்டாவது வருஷத் திவசத்தன்னைக்கு, அடுக்களையில, நீங்க கீரையை ஆய்ஞ்சிட்டிருந்தீங்க. எதுக்குச் சண்டை ஆரம்பிச்சதுன்னுகூட ஞாபகம் இல்லை. "எங்க அம்மாவோட கடைசிப் பேச்சைக் கொன்னது நீங்கதானே?"ன்னு கத்தினேன். நீங்க கீரையைக் கீழ வெச்சுட்டு, என்னை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "ஆமா, கோமதி"ன்னீங்க. அவ்வளவுதான். மண்வெட்டியை எடுத்துட்டு வாசல் பனியை ஒதுக்கப் போயிட்டீங்க. அன்னைக்கு ஒதுக்கற அளவுக்குப் பனியே விழலை.

இப்போ போன ஞாயித்துக்கிழமைக்கு, இந்த வருஷப் பொங்கலுக்கு வர்றேன்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒண்ணு இருக்கு, நான் லைசென்ஸ் எடுத்துட்டேன். சிரிக்காதீங்க. நீங்க ஜூன்ல லேப்ல மயங்கி விழுந்து அப்படியே போயிட்டீங்க. வண்டி தெருவுல இலை தழையோட அப்படியே நின்னுச்சு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஒண்ணு விக்கணும், இல்லை ஓட்டணும்னு டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்தேன். அந்த மீசைக்கார வாத்தியார் என்கிட்ட பட்டதும் நான் அவர்கிட்ட பட்டதும் தனிக் கதை. முதல் தடவை ஃபெயில். டிசம்பர்ல பாஸ்.

லைசென்ஸ் கையில வந்ததும் நான் பண்ணின முதல் வேலை, அந்தத் திருகைச் சுத்தி நீங்க அடிச்சு வெச்சிருந்த தகரத்தைக் கழட்டினது. ஞாபகம் இருக்கா? அறுபத்தாறு பிப்ரவரியில, பிஸ்கட் டின் மூடியை வெட்டி, வளைச்சு, ரெண்டு ஸ்க்ரூ போட்டுக் கூடு மாதிரி மாட்டினீங்களே. "எதுக்கு இது?"ன்னு கேட்டேன். "தெரியாம கால் பட்டுடும்"னீங்க. "யார் கால்?" "என் கால்தான், வேற யார் கால்?"னீங்க. வெட்டி வேலைன்னு அப்போவே நெனச்சேன். இப்போ அது என் பூட்ஸை உரசுச்சு, கழட்டி அடுக்களை டிராயர்ல போட்டுட்டேன்.

அதே மாதிரிதான் அந்த வாளி. அதுக்கு அப்புறம் ஒரு தடவைகூடச் சாம்பாரை முன்னாடி வைக்க விட்டதில்லை நீங்க. "பின் சீட்டுல வை, உன் காலுக்கு இடம் வேணும்"பீங்க. பின் சீட்டுல வெச்சு ஒரு வருஷம் ஜான் அண்ணனோட புது பேண்ட் பூராவும் சாம்பார். அப்பவும் நீங்க விட்டுக் கொடுக்கலை. பொண்டாட்டி காலுக்கு இவ்வளவு கரிசனமான்னு அவர் பொண்டாட்டி என்னைக் கேலி பண்ணினாங்க.

இந்த வருஷம் பின் சீட்டுல நீங்க வாங்கி வெச்ச மடக்கு நாற்காலிகளை அடைச்சிருந்தேன், ஹாலுக்குக் கொடுக்கலாம்னு. வாளிக்கு இடமில்லை. பக்கத்து சீட்டுக்கு முன்னாடி, கால் வைக்கிற இடத்துல, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு வெச்சேன். அதே பத்து லிட்டர் எவர்சில்வர் வாளி. கிளம்பறதுக்கு முன்னாடி வாத்தியார் சொல்லிக் கொடுத்த மாதிரி திருகைத் தொட்டுப் பார்த்தேன், சரியா இருந்தது. கொலோன் வந்து ஹாலுக்குப் பின்னாடி நிறுத்திட்டு மறுபடியும் தொட்டேன். திரும்பி இருந்தது.

நான் தொடலை. வண்டியில வேற யாரும் இல்லை. குனிஞ்சு பார்த்தேன். வாளியோட கைப்பிடி மாட்டற காது இருக்குல்ல, அது திருகு மேலே சாஞ்சுக்கிட்டு இருந்தது. வாளியைத் தள்ளி வெச்சு, திருகைச் சரி பண்ணி, மறுபடியும் வாளியை மெதுவா அந்தப் பக்கம் சாய்ச்சேன். டக்குனு திரும்புச்சு. இன்னொரு தடவை பண்ணினேன். டக். மூணாவது தடவை பண்ண எனக்குக் கை வரலை. பட்டுப்புடவையோட அந்த ஈரச் சிமெண்ட்லயே உக்காந்துட்டேன்.

உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு! அந்தப் பனியில, அந்த ஒரு நிமிஷத்துல, திருகைப் பார்த்து, வாளியைப் பார்த்து, என்னைப் பார்த்து, எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்து அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கீங்க. போன வாரம் ரிசர்வ்ல ஓட்டினாராம், மறந்தாராம்! கதவைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன். லேப்ல ஒரு கம்பியை ஏழு தடவை அளக்கிற மனுஷன். நீங்க மறந்தீங்கன்னு சொன்னதை நான் எப்படி நம்பினேன்? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அடுத்து நடந்ததையும் கேளுங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டு வாளியைத் தூக்கிட்டு ஹாலுக்குள்ள போறேன். புதுசா வந்திருக்கிற ஒரு ஸ்டூடண்ட், மதுரைப் பையன், நீங்க இருந்தப்போ உங்களைப் பார்த்ததுகூடக் கிடையாது, அவன் கேக்கறான்: "அக்கா, பெட்ரோல் இருக்குல்ல? ரிசர்வ் சங்கரன் வண்டியாமே!" எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. நீங்க செத்து ஏழு மாசம் ஆச்சு. நான் வெச்ச பேரு இன்னும் சாகலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அந்தச் சாம்பாரையே இலை இலையா ஊத்திட்டுப் போனேன்.

சாப்பாடு முடிஞ்சதும் ஜான் அண்ணனைத் தனியாக் கூப்பிட்டு வண்டியில காட்டினேன். டக். "விட்டுடும்மா, அவன் போயிட்டான். மலர்ல எல்லாம் போட்டா உனக்குத்தானே சங்கடம்?"னார்.

"சங்கடப்படத்தான் அண்ணே போடச் சொல்றேன்"னேன்.

இப்போ எனக்குப் பதில் சொல்லுங்க. முதல் வருஷம் சரி, ஒத்துக்கிறேன். அம்மா போன நேரம், உன்னாலதான்னு சொன்னா இவ உடைஞ்சு போயிடுவான்னு நெனச்சிருப்பீங்க. ரெண்டாவது வருஷம்? அஞ்சாவது வருஷம்? நான் நாலு பேருக்கு நடுவுல உங்களைக் கேலி பண்றப்போ, வீட்டுக்கு வர்ற வழியில, "இந்தா பாரு கோமதி, அது உன் வாளி"ன்னு ஒரு வரி சொல்ல வாய் வரலையா? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? அழுதிருப்பேன், ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்திருப்பேன், அப்புறம் எழுந்து உங்க கையைப் பிடிச்சிருப்பேன். இப்போ யார் கையைப் பிடிக்கிறது?

என்னைக் காப்பாத்தினதா நெனப்பு உங்களுக்கு. யாரு கேட்டா? நீங்க பாட்டுக்குப் பெரிய மனுஷனாப் போயிட்டீங்க. மன்னிப்புக் கேக்க எனக்கு ஒரு வழி வெச்சிட்டுப் போனீங்களா? ஒம்பது வருஷம் ஒரே வீட்டுல, ஒரே தட்டுல சாப்பிட்டோமேய்யா. நான் திட்டத் திட்ட, இவ திட்டட்டும், திட்டினா அவளுக்கு ஆறும்னு நீங்க உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க. எனக்கு ஆறவே இல்லையே! உங்க மேல கோபப்பட்டுக்கிட்டே எங்க அம்மாவை நினைச்சு ஒழுங்கா அழக்கூட நான் மறந்துட்டேன்.

தம்பிக்கு நேத்து எழுதிட்டேன், எல்லாத்தையும். போன்ல 'ம்' சொன்னது யாருங்கிறதையும் சேர்த்து. கெர்ட்ரூட் அம்மாகிட்டயும் சொன்னேன். எண்பது வயசாச்சு அவங்களுக்கு, காது மந்தம், ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுட்டு, "அன்னைக்கு ராத்திரி உன் புருஷன் என் கதவைத் தட்டினார். அந்த அம்மாவைத் தனியா விடாம இருந்ததுக்கு நன்றின்னு சொல்லிட்டு, மாடிப்படியில உக்காந்து அழுதார். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னார்"னாங்க. அழுதிருக்கீங்க. அதுலயும் எனக்குப் பங்கு கொடுக்கலை.

டிராயர்ல இருந்து அந்தத் தகரத்தை எடுத்து நானே இன்னைக்குக் காலையில மாட்டிட்டேன். உங்க ஸ்க்ரூதான், ஒண்ணு கொஞ்சம் துரு. பூட்ஸ் உரசட்டும், கிடக்கட்டும். சாம்பார் வாளி இனிமே பின் சீட்டுல, யார் பேண்ட்ல ஊத்தினாலும் சரி.

அடுத்த பொங்கலுக்கு அதே ஹாலுக்கு வருவேன். மலரைப் படிக்காத எவனாவது அங்க நிப்பான், "அக்கா, பெட்ரோல் இருக்கா?"ன்னு கேப்பான். கரண்டியைக் கீழ வெச்சுட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுவேன். அவுக ஒரு நாளும் மறந்ததில்லை, வண்டியை நடுவழியில நிறுத்தினது நான், என் கால்கிட்ட இருந்த என் வாளின்னு சொல்லுவேன். கேக்கற ஆள் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் சொல்லுவேன். இது சத்தியம்.

ஒண்ணு மட்டும் பாக்கி. அன்னைக்கு அடுக்களையில, கொன்னது நீங்கதானேன்னு நான் கத்தினப்போ, "ஆமா"ன்னீங்களே. அந்த 'ஆமா' நான் சொல்ல வேண்டியது. ஒம்பது வருஷம் தூக்கிச் சுமந்தது போதும், இறக்கி வைங்க.

ஆமாங்க. நான்தான்.

இன்னும் கோபம் தீராத
உங்க பொண்டாட்டி,
கோமதி